வென்றவர் விட்ட கண்ணீர்

மகத நாட்டின் தலைநகரம் பாடலிபுத்திரம். மவுரிய வம்சத்தை நிறுவிய சந்திரகுப்தரின் பேரன் அசோகர், கி.மு. 268-ம் ஆண்டு வாக்கில் அங்கே முடிசூடினார். தந்தை பிந்துசாரர் விட்டுச் சென்ற ராஜ்யம் மிகப் பெரியது. ஆனாலும் கிழக்குக் கடற்கரையில் ஒரு நாடு பணியாமல் நின்றது.

அதுதான் கலிங்கம். இன்றைய ஒடிசா.

பெரும் போர்

கி.மு. 261-ம் ஆண்டு வாக்கில் அசோகரின் படை கலிங்கத்துக்குள் புகுந்தது. கலிங்க மக்கள் விட்டுக்கொடுக்காமல் போரிட்டார்கள். முடிவில் வெற்றி அசோகருக்கே.

ஆனால் அந்த வெற்றியின் விலை என்ன?

1 லட்சம் பேர் மாண்டார்கள். 1½ லட்சம் பேர் சிறைபிடித்துக் கொண்டு போகப்பட்டார்கள். போரைத் தொடர்ந்து மடிந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு.

இந்தக் கணக்கைச் சொன்னவர் தோற்ற எதிரி அல்ல, வென்ற அசோகரேதான்! அதைக் கல்லில் பொறித்தும் வைத்தார். தாய் தந்தையரைப் பேணி, யாருக்கும் தீங்கு நினையாமல் வாழ்ந்தவர்களும் போரில் அழிந்தார்களே என்று அவர் மனம் நொந்தார். தப்பிப் பிழைத்தவர்களும் உற்றார் உறவினரை இழந்து தவித்தது அவரை வாட்டியது.

மனம் மாறியது

நாடு பிடிப்பது வெற்றி அல்ல, அறத்தால் வெல்வதே வெற்றி என்று அசோகர் முடிவு செய்தார். புத்தரின் வழியில் ஈடுபாடு கொண்டார். சாலை ஓரங்களில் மரம் வைத்தார், கிணறு வெட்டினார். மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ வசதி செய்தார். தம் ஆட்சிக்கு உட்படாத சோழ, பாண்டிய, சேர நாடுகளிலும் இந்த வசதியைச் செய்ததாக அவரது கல்வெட்டு கூறுகிறது.

சொல்லாத இடம்

அசோகரின் வருத்தத்தைக் கூறும் கல்வெட்டு கிர்னாரில் இருக்கிறது, ஷாபாஸ்கரியில் இருக்கிறது. ஆனால் கலிங்க மண்ணில், தவுளிப் பாறையில், அது இல்லை! ஆறாத புண்ணைக் கிளற வேண்டாம் என்று எண்ணினார் போலும். அதற்குப் பதிலாக, மக்கள் எல்லோரும் தம் பிள்ளைகள் என்றும், அதிகாரிகள் காரணம் இன்றி யாரையும் சிறையில் வாட்டக் கூடாது என்றும் பொறிக்கச் செய்தார்.

கலிங்கத்தை அவர் திருப்பித் தரவில்லை. படையையும் கலைக்கவில்லை. ஆயினும், வென்ற பிறகு தம் குற்றத்தைத் தாமே ஊர் அறியச் சொன்ன மன்னர்கள் மிகச் சிலரே.

கி.மு. 232-ம் ஆண்டு வாக்கில் அசோகர் மறைந்தார். அவரது எழுத்தைப் படிக்கும் வழியை உலகம் மறந்தது. 1837-ம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்செப் அதைப் படித்துக் காட்டினார். அசோகர் நிறுவிய சாரநாத் தூணின் சிங்கங்கள், 1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி பாரதத்தின் சின்னம் ஆயின.

கலிங்கத்தை வென்ற வாள் எங்கே போயிற்றோ! வருந்திய மனம் மட்டும் கல்லில் நிற்கிறது.