பெமுல்வோய்: நாங்கள் குடியிருக்கும் மண்ணின் வீரன்

போன வருஷம் என் மகளுக்குப் பண்டாரவன்னியன் கதை சொன்னேன். இந்த நாட்டில் அப்படி ஒருத்தரும் இருக்கேல்லையோ என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

சிட்னியின் மேற்கே பெமுல்வோய் என்றொரு இடம் இருக்கிறதல்லவா? அது ஒரு மனிதரின் பெயர். பொட்டனிக் குடாப் பக்கத்துப் பிஜிகல் குலத்தவர். 1788இல் ஆங்கிலேயர் வந்திறங்கியபோது அவருடைய சனம் பல்லாயிரம் ஆண்டுகளாக இங்கே வாழ்ந்துகொண்டிருந்தது. மீனும் கிழங்கும் தந்த ஆற்றங்கரைகளை வந்தவர்கள் வெட்டிச் சோளம் போட்டார்கள்.

1790 டிசம்பரில் ஆளுநரின் வேட்டைக்காரர் ஒருவரைப் பெமுல்வோய் ஈட்டியால் குத்தினார். பிடிக்கப் போன படை வெறுங்கையோடு திரும்பியது. பிறகு பண்ணைகளைத் தாக்கத் தொடங்கினார். 1797 மார்ச்சில் எங்கட சனம் இப்ப நிறைய இருக்கிற துங்காபியில் அரசாங்கப் பண்ணையைத் தாக்கினார். துரத்தி வந்தவர்களோடு பரமட்டாவில் நேருக்கு நேர் மோதினார். ஏழு ஈயச் சன்னங்கள் உடம்பில் பாய்ந்தன. ஆஸ்பத்திரியில் கிடந்தவர் கால் விலங்கோடேயே தப்பினார். துவக்கு அவரைக் கொல்லாது என்று சனம் நம்பியது.

1801இல் அவரைப் பிடிக்கப் பரிசு அறிவித்தார்கள். 1802 ஜூனில் சுட்டுக் கொன்றார்கள். தலையை வெட்டி, சாராயத்தில் போட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அந்தத் தலை இன்னும் ஊர் திரும்பவில்லை. மகன் டெட்பரி போராட்டத்தைத் தொடர்ந்தார்.

அடுத்த ஆண்டு, 1803இல், அதே ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டாரவன்னியன் பிடித்தான்.

மண்ணை இழந்த வலி எங்களுக்குத் தெரியும். எங்களுக்கு இருக்க இடம் தந்த மண்ணும் ஒருவரிடமிருந்து பறித்ததுதான். இந்தப் புத்தாண்டில் இரண்டு பெயர்களையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம்.