ஊர் கேட்டு வாங்கிய கிழவர்

வெள்ளைக்காரர் ஒருவர் ஸ்பெயின் நாட்டுக் கிராமத்துக்குப் பிள்ளையான கதை

1984-ம் ஆண்டு.

லண்டன் நகருக்கு அருகே ஒரு முதியோர் இல்லம். அங்கே 90 வயதுக் கிழவர் ஒருவரைக் கொண்டு வந்து சேர்த்தார்கள்.

அவர் ஆங்கிலேயர். பேசுவது ஆங்கிலம். சேர்த்த இடமும் இங்கிலாந்து. சொந்த நாட்டுக்குத்தானே திரும்பி வந்திருக்கிறார்? இதில் யாருக்கு என்ன குறை?

ஆனால், ஆயிரம் மைலுக்கு அப்பால் ஸ்பெயின் நாட்டில் ஒரு சிற்றூர் கொதித்து எழுந்தது. எங்கள் கிழவரை எங்களிடம் கொடுங்கள் என்று கேட்டது. பத்திரிகைகளும் சேர்ந்துகொண்டன. ஸ்பெயின் நாட்டு அதிகாரிகளே முன்வந்து அவரைத் திரும்ப அழைத்துச் சென்றார்கள்!

அந்தக் கிழவரின் பெயர் ஜெரால்டு பிரெனன். பெரிய எழுத்தாளர். ஸ்பெயின் மக்கள் அவரை "டான் ஜெரால்டோ" என்று அழைத்தார்கள். "டான்" என்பது நம் ஊரில் "ஐயா" என்பதைப் போன்ற மரியாதைச் சொல்.

ஓர் அந்நியருக்கு இவ்வளவு பாசம் எப்படிக் கிடைத்தது?

சீனாவுக்கு நடந்தார்!

1894-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி மால்டா தீவில் பிரெனன் பிறந்தார். தந்தை பட்டாளத்து அதிகாரி. வசதியான குடும்பம்.

இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளியில் படிக்க வைத்தார்கள். அங்கே முரட்டுப் பையன்கள் அவரைப் படாதபாடு படுத்தினார்கள். பிரெனன் புத்தகங்களுக்குள் புகுந்து கொண்டார்.

மகனும் பட்டாளத்தில் சேர வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனுக்கோ உலகத்தைப் பார்க்க ஆசை.

1912-ம் ஆண்டு. அப்பொழுது அவருக்கு வயது 18. வீட்டுக்குத் தெரியாமல் ஒரு நண்பருடன் கிளம்பி விட்டார். எங்கே? சீனாவுக்கு! எப்படி? கால்நடையாக!

பிரான்சைக் கடந்தார். இத்தாலியைக் கடந்தார். போஸ்னியா வரை போய்விட்டார். மொத்தம் 1,560 மைல்! அதற்குமேல் கையில் காசு இல்லை. வீடு திரும்பினார்.

தந்தையின் ஆசையை யுத்தம் நிறைவேற்றியது. 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. பிரெனன் பட்டாளத்தில் சேர்ந்து பிரான்சில் போரிட்டார். வீரத்துக்காக இங்கிலாந்தும் பிரான்சும் பதக்கம் கொடுத்தன.

2 ஆயிரம் புத்தகம்

போர் முடிந்தது. பிரெனனுக்கு உத்தியோகம் பார்க்க மனம் இல்லை. நிறையப் படிக்க வேண்டும், எழுத வேண்டும் என்பதே எண்ணம். கையில் இருந்ததோ கொஞ்சப் பணம். இங்கிலாந்தில் இருந்தால் சீக்கிரம் கரைந்து விடும். செலவு குறைந்த நாடு எது என்று பார்த்தார். ஸ்பெயினுக்குக் கப்பல் ஏறினார்.

தென் ஸ்பெயினில் கிரனடா மாகாணம் இருக்கிறது. அங்கே பனி மூடிய ஒரு பெரிய மலைத் தொடர். அதன் தெற்குச் சரிவில் யேகென் என்ற சின்னஞ்சிறு கிராமம். கடல் மட்டத்துக்கு மேல் 3 ஆயிரம் அடிக்கும் அதிக உயரம்.

தட்டையான மண் கூரை போட்ட வீடுகள். அரபு நாட்டு முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் வெட்டிய வாய்க்கால்கள். அந்தத் தண்ணீரில் விளையும் வயல்கள். அத்தி மரங்கள். ஏறி இறங்கக் கோவேறு கழுதை.

1920-ம் ஆண்டு பிரெனன் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். அவருடைய புத்தகங்கள் பெட்டி பெட்டியாக மலை ஏறின. மொத்தம் 2 ஆயிரம் புத்தகங்கள்!

ஊர் மக்கள் அவரை விரட்டவில்லை. வேற்று மதத்தவர் என்று ஒதுக்கவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரராக ஏற்றுக் கொண்டார்கள். அவர் தம் வீட்டிலேயே ஆட்டம் பாட்டத்துக்கு ஏற்பாடு செய்வார். கிடாருடன் ஊரே வந்து கூடும்.

பகலில் படிப்பார். மலையில் நடப்பார். ஊரார் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார். கலியாணம், சாவு, திருவிழா, விதைப்பு, அறுவடை எல்லாவற்றையும் கவனித்தார்.

இங்கிலாந்தில் இருந்து பேர் பெற்ற எழுத்தாளர்கள் அவரைத் தேடி வந்தார்கள். 1920-ல் லிட்டன் ஸ்டிராச்சி வந்தார். மலைப் பாதையில் கோவேறு கழுதைச் சவாரி அவரைப் படுத்தி எடுத்துவிட்டது. 1923-ல் வர்ஜீனியா உல்ப் தம் கணவருடன் வந்து தங்கினார்.

பிரெனன் எல்லாவற்றிலும் உத்தமர் என்று சொல்ல முடியாது. யேகெனில் அவர் வீட்டில் வேலை செய்த இளம் பெண்ணுக்கும் அவருக்கும் 1931-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையைத் தம் மகளாக அவர் ஏற்றுக் கொண்டு வளர்த்தார். ஆனால், பெற்ற தாய் பிள்ளையைப் பிரிய வேண்டியதாயிற்று.

அமெரிக்கப் பெண் கவிஞரான கமெல் உல்சி பிரெனனின் வாழ்க்கைத் துணைவி ஆனார். அந்தக் குழந்தையை வளர்த்தவரும் அவர்தான்.

குண்டு விழுந்தது

1935-ல் மாலகா நகருக்குப் பக்கத்தில், சுர்ரியானா என்ற ஊரில் ஒரு பழைய வீட்டைத் தோட்டத்துடன் வாங்கினார்கள். இனி நிம்மதியாக வாழலாம் என்று நினைத்தார்கள்.

அடுத்த ஆண்டே ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அண்ணனும் தம்பியும் எதிர் எதிர்க் கட்சியில் நின்று சுட்டுக் கொண்டார்கள். மாலகா மீது விமானங்கள் குண்டு போட்டன.

வீட்டை விற்றவரின் குடும்பத்துக்கு அப்பொழுது உயிர் ஆபத்து. பிரெனன் தம்பதி அவர்களுக்கு வீட்டில் அடைக்கலம் கொடுத்தார்கள். கண்டுபிடித்தால் இவர்கள் தலையும் தப்பாது. ஆனாலும் கைவிடவில்லை.

1936-ம் ஆண்டு முடிவதற்குள் பிரெனனும் கமெலும் ஸ்பெயினை விட்டு வெளியேற நேர்ந்தது. வீட்டையும் புத்தகங்களையும் வேலைக்காரக் குடும்பத்தின் பொறுப்பில் விட்டுச் சென்றார்கள்.

இங்கிலாந்தில் உட்கார்ந்து, பிரெனன் ஒரு கேள்விக்குப் பதில் தேடினார். இவ்வளவு நல்ல மக்கள் ஏன் ஒருவரை ஒருவர் கொன்றார்கள்? பல ஆண்டு உழைத்தார். 1943-ல் "ஸ்பெயின் நாட்டுச் சிக்கல்" என்று பொருள்படும் தலைப்பில் அவருடைய புத்தகம் வெளிவந்தது. நிலம் இல்லாத விவசாயிகளின் பசி, பெரிய பண்ணையார்களின் பிடிவாதம், மாதா கோவிலுக்கும் மக்களுக்கும் ஏற்பட்ட பிளவு எல்லாவற்றையும் அதில் விளக்கினார்.

சர்வாதிகாரி பிராங்கோ அந்தப் புத்தகத்துக்குத் தடை போட்டார். 1962-ல் பாரிஸ் நகரில் அது ஸ்பானிய மொழியில் அச்சாயிற்று. எல்லையைத் தாண்டித் திருட்டுத்தனமாக ஸ்பெயினுக்குள் போயிற்று. தங்கள் நாட்டின் கதையை ஸ்பெயின் மக்கள் ஒரு வெள்ளைக்காரர் எழுதிய புத்தகத்தில் ஒளிந்து படித்தார்கள்!

வீடு காத்திருந்தது

1949-ல் பிரெனனும் கமெலும் ஸ்பெயினைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். சுர்ரியானா வீட்டை எட்டிப் பார்த்தார்கள்.

13 ஆண்டுகள் ஓடி விட்டன. நடுவில் ஒரு போர். அதன்பின் பஞ்சம். ஆனால் வீடு அப்படியே இருந்தது! தோட்டம் வாடவில்லை. விட்டுச் சென்ற குடும்பம் எல்லாவற்றையும் கண்ணும் கருத்துமாகக் காத்து வைத்திருந்தது.

1953-ல் அந்த வீட்டுக்கே குடிவந்தார்கள். யேகென் நாட்களைப் பற்றி "கிரனடாவுக்குத் தெற்கே" என்ற நூலை பிரெனன் எழுதினார். 1957-ல் அது வெளிவந்தது. வரைபடத்தில் தேடவேண்டிய ஒரு மலைக் கிராமம் உலகம் அறிந்த ஊர் ஆயிற்று. 2003-ல் அந்தக் கதை சினிமாவாகவும் வந்தது.

1968-ல் கமெல் புற்றுநோயால் இறந்தார். மாலகாவில் உள்ள ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். சில காலத்துக்குப் பின், அலவுரின் எல் கிராண்டே என்ற ஊருக்கு பிரெனன் குடிபோனார். எலுமிச்சைத் தோப்புகள் சூழ்ந்த ஊர் அது.

திரும்பி வந்தார்

முதுமை யாரை விட்டது? 90 வயதில் உடல் தளர்ந்தது. இரவு பகலாக ஆள் இருந்து பார்க்க வேண்டிய நிலை. உடன் இருந்தவர்களால் முடியவில்லை. அப்படித்தான் 1984-ல் லண்டன் அருகே உள்ள இல்லத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தார்.

அங்கே படுக்கை இருந்தது. சாப்பாடு இருந்தது. பார்த்துக் கொள்ள ஆட்கள் இருந்தார்கள். ஆனால், தெருவில் "டான் ஜெரால்டோ" என்று கூப்பிட அங்கே யார் இருக்கிறார்கள்?

ஸ்பெயின் சும்மா இருக்கவில்லை. அவரை அழைத்து வந்தது. அலவுரின் ஊரிலேயே மருத்துவக் கவனிப்புக்குத் தனி ஏற்பாடு செய்தது. 1987-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி அங்கேதான் அவர் கண்ணை மூடினார். வயது 92.

தம் உடலை மாலகா மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் முன்பே எழுதி வைத்திருந்தார். அப்படியே கொடுத்தார்கள். ஆனால், அவர் மீது இருந்த மரியாதையால் அந்த உடல் மீது கத்தி படவில்லை. 14 ஆண்டுகள் அங்கேயே இருந்தது. 2001-ல் தகனம் செய்து, அஸ்தியைக் கமெலின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

யேகெனில் அவர் குடியிருந்த வீட்டுச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஊராட்சியார் நன்றியுடன் பதித்தது.

குறைந்த வாடகைக்காகத்தான் பிரெனன் அந்த ஊருக்குப் போனார். ஊராரோடு கலந்து பேசி, ஆடிப் பாடி, அவர்கள் துன்பத்துக்குக் காரணம் தேடி ஆயுளில் பெரும் பகுதியைக் கழித்தார். அவர் கைகால் ஓய்ந்த பிறகு, அந்த மக்கள் அவரை மறக்கவில்லை.

பிறந்த மண் எல்லோருக்கும் உண்டு. திரும்பி வா என்று கூப்பிட ஓர் ஊர் வேண்டுமே! அதை பிரெனன் சம்பாதித்து வைத்திருந்தார்.