மூசி ஆற்றின் கணக்கும் சிற்றாற்றின் கணக்கும்

குடிநீர்த் திட்டமோ, பாதாளச் சாக்கடையோ, எதுவானாலும் முதலில் ஆலோசனைப் பொறியாளர்கள் வந்து விரிவான திட்ட அறிக்கை தயாரிப்பது இன்று உள்ளாட்சிகளின் வழக்கம். அந்தப் பணிக்கு இந்தியாவில் மதிப்பைத் தேடித் தந்தவர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. தென்காசி வட்டாரத்தின் வருங்கால நீர்த்தேவையைப் பற்றிச் சிந்திப்போர் அவரது வாழ்க்கையை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

மைசூர் சமஸ்தானத்து முத்தேனஹள்ளியில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கல்வி பயின்றார். புணேயில் பொறியியல் முடித்து, 1884-இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். சிந்து நதிக்கரையிலுள்ள சுக்கூர் நகருக்குக் குடிநீர் வழங்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. கலங்கிய நீரை வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகராட்சியிடம் பணமில்லை. ஆற்றை ஒட்டிக் கிணறு தோண்டி, மணலையே வடிகட்டியாக்கினார். தாமிரபரணிப் படுகையின் உறைகிணறுகளிலிருந்து குடிநீர் பெறும் நமக்கு இது அந்நியமான உத்தி அன்று.

1908 செப்டம்பர் 28-இல் மூசி ஆறு ஹைதராபாதை அழித்தது. மாண்டவர்கள் சுமார் 15,000 பேர் என்பது மதிப்பீடு. அரசுப் பணியிலிருந்து விலகி அப்போது வெளிநாட்டில் பயணம் செய்துகொண்டிருந்த விஸ்வேஸ்வரய்யாவை நிஜாம் அரசு அழைத்தது. 1909-இல் வந்து சேர்ந்தவர், கரையை எவ்வளவு உயர்த்துவது என்ற கேள்வியோடு நிற்கவில்லை. மழைப் பதிவுகளைத் திரட்டினார். நகருக்கு மேலே ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்த குளங்களை எண்ணினார். மொத்தம் 788, அவற்றில் 221 அந்த வெள்ளத்தில் உடைந்திருந்தன. ஒரு குளம் உடைந்தால் அடுத்தது தாங்காது என்பது சங்கிலிக் குளங்களோடு வாழும் நம் விவசாயிகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நகருக்கு மேலே மூசியிலும் அதன் துணையாறான ஈசியிலும் இரு நீர்த்தேக்கங்கள் கட்டப் பரிந்துரைத்தார். 1920-இல் உஸ்மான் சாகரும், 1927-இல் ஹிமாயத் சாகரும் எழுந்தன. கட்டி முடித்தவர்கள் பிறர், கணக்கு அவருடையது. வெள்ளத்தைத் தடுக்க எழுந்த அவையே நகருக்குப் பல தலைமுறைகளாகக் குடிநீரும் தந்தன. ஒரே செலவில் இரு பயன் என்பதைப் பொருளியல் படித்தவன் வியக்காமல் இருக்க முடியாது.

குற்றால அருவிக்கு மேலே அணை கட்ட வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அந்த மலைக்காடே நமது பெரிய நீர்த்தேக்கம். ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தையும், 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்த திடீர்ப் பெருக்கையும் ஒரு கோப்பிலும், கோடைக்காலக் குடிநீர்த் தட்டுப்பாட்டை இன்னொரு கோப்பிலும் வைப்பது என்ன திட்டம்? மக்கள்தொகையை நபர் ஒருவருக்கு இத்தனை லிட்டர் என்று பெருக்கினால் குற்றாலத்தின் தேவை கிடைத்துவிடாது. சாரல் சீசனிலும் ஐயப்ப பக்தர்கள் வரும் மாதங்களிலும் திரளும் கூட்டம் எந்தக் குடிக்கணக்கிலும் இல்லை. சிற்றாற்றின் மழைப்பதிவு, குளங்களின் நிலை, பருவக் கூட்டம் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்காத அறிக்கைக்குத் தரும் கட்டணம் வீண்.

1912 முதல் 1918 வரை அவர் மைசூர் திவான். 1934-இல், சுதந்திர இந்தியாவின் முதல் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு வெகுகாலம் முன்பே, திட்டமிட்ட பொருளாதாரம் பற்றி நூல் எழுதினார். 1955-இல் பாரத ரத்னா பெற்றார்; 1962-இல் நூறு வயதைக் கடந்து மறைந்தார்.

தமிழர்களுக்கு அவரிடம் ஒரு மனக்குறை உண்டு. 1911-இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணை மைசூரின் பார்வையில் சாதனை. கீழே தஞ்சைக்கோ அது கவலை. சென்னை மாகாணத்தின் ஆட்சேபங்களுக்குப் பிறகு 1924-இல்தான் ஒப்பந்தம் ஏற்பட்டது. மூசியில் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் கண்ட மேதை, காவிரியில் ஒரு சமஸ்தானத்தின் பொறியாளராகவே நின்றார் என்பது என் கருத்து. எல்லை குறுக்கிடும்போது கணக்கு மட்டும் போதுவதில்லை. வாசுதேவநல்லூர், சிவகிரி பகுதிக் குளங்களை நிரப்பிய செண்பகவல்லி அணைக்கட்டு கேரள எல்லைக்குள் இருக்கிறது. அது உடைந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. விவசாயிகள் இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.