வில்லர்ட் கிப்ஸ்

நமது கல்லூரியில் ரஸாயனம் பயில்வோர் யாவரும் கிப்ஸ் என்னும் பெயரை ஒருமுறையேனும் தங்கள் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருப்பர். அப்பெயருக்குரிய பெரியார் தம் அரிய ஆராய்ச்சியை வெளியிட்ட பின்னும், அதனைக் கற்றுணர்வார் மிகச் சிலராகவே பல்லாண்டு வாழ்ந்தனர் என்பதை அறிந்தோர் அதிகம் இலர்.

ஜோசையா வில்லர்ட் கிப்ஸ் 1839-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி அமெரிக்காவிலுள்ள நியூ ஹேவன் நகரிற் பிறந்தார். தந்தையார் அந்நகரத்து ஏல் கலாசாலையில் வேத இலக்கியப் பேராசிரியர். மகனும் அங்கேயே பயின்று, பற்சக்கரங்களின் பற்கள் எவ்வடிவில் அமைதல் வேண்டும் என்பதைக் குறித்து ஆராய்ந்து, 1863-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1866-ல் ரயில் வண்டியை நிறுத்தும் கருவியொன்றிற்குக் காப்புரிமையும் பெற்றார். ஆகவே அவர் கல்வி ஏட்டுச் சுரைக்காய் அன்று. பின்னர்ப் பாரிஸ், பெர்லின், ஹைடல்பர்க் நகரங்களில் மூன்றாண்டு பாடங் கேட்டுத் திரும்பினார்.

1871-ல் ஏல் கலாசாலை அவரைக் கணித பௌதிகப் பேராசிரியராக நியமித்தது. பதவி உண்டு, சம்பளம் இல்லை. பிதிரார்ஜித சொத்து சிறிது இருந்தமையால் ஒன்பதாண்டு இவ்வாறே கழிந்தது. 1880-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கலாசாலையார் வருஷத்திற்கு 3000 டாலர் தருவதாக அழைத்தபின்னரே ஏல் விழித்துக்கொண்டு 2000 டாலர் தர முன்வந்தது. குறைந்த தொகையைப் பெற்று அவர் அங்கேயே தங்கினார். மணஞ் செய்யாது, சகோதரியின் குடும்பத்தோடு வாழ்ந்தார்.

சம்பளமில்லாத அக்காலத்திற்றான் அவருடைய தலையாய கட்டுரை எழுந்தது. பல்வேறு பொருள்கள் கலந்து சமநிலையில் நிற்பதைப் பற்றிய அது, 1875 முதல் 1878 வரை, கனெக்டிகட் சங்கத்தின் வெளியீட்டில் பகுதி பகுதியாகப் பிரசுரமாயிற்று. சுமார் 300 பக்கம், 700 சமன்பாடு. அச்சுச் செலவு சங்கத்தின் சக்திக்கு மிஞ்சவே, ஊர்ப் பேராசிரியரும் வணிகரும் பொருளுதவினர். அவருள் அதனைப் படித்துப் புரிந்துகொண்டவர் எத்தனை பேரோ!

அதிலுள்ள விதியொன்றை மட்டும் காண்போம். கூறுகளின் எண்ணிக்கையோடு 2 கூட்டி, நிலைகளின் எண்ணிக்கையைக் கழித்தால், நம் விருப்பப்படி மாற்றக்கூடியவை எத்தனை என்பது வெளிப்படும். நீர் ஒரே கூறு. நீரும் ஆவியும் சேர்ந்திருக்கையில் மிஞ்சுவது 1; உஷ்ணத்தை நாம் நிர்ணயித்தால் அழுத்தம் தானே அமைந்துவிடும். பனிக்கட்டியுஞ் சேர்ந்தால் மிஞ்சுவது 0. ஆதலின் இம்மூன்றும் ஒருங்கே நிலைத்திருப்பது 0.01 டிகிரி உஷ்ணத்தில், பாதரசம் ஏறக்குறைய 4.6 மில்லிமீட்டர் நிற்கும் அழுத்தத்தில் மட்டுமே. உலோகக் கலவையிலும் உப்புக் கரைசலிலும் இவ்விதியே ஆட்சி செய்கிறது.

கிப்ஸ் தம் கட்டுரையின் பிரதிகளைப் பல தேசத்து அறிஞர்க்கும் தபாலில் அனுப்பியே வந்தார். எனினும் உதாரணம் அருகிய, மிகச் சுருங்கிய அவர் நடை வாசிப்போரை விரட்டியது. குற்றம் முழுதும் வாசியாதார்மேல் அன்று. இதனால் பிறர் உழைப்பும் வீணாயிற்று: ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1882-ல் தாமாகவே அவர் வழிக்கு வந்து சேர்ந்தார், இளைஞர் பிளாங்க், தாம் கண்டவை சில முன்பே கிப்ஸ் கண்டவையென்று பின்னர் அறிந்தார்.

முதலில் உணர்ந்தவர் கேம்பிரிட்ஜ் மாக்ஸ்வெல். கிப்ஸ் 1873-ல் வெளியிட்ட முந்திய கட்டுரைகளைக் கண்டு மகிழ்ந்து, நீரின் இயல்பைக் காட்டும் உருவமொன்றைத் தம் கையாற் சமைத்து, அதன் சாந்து வார்ப்பொன்றைக் கிப்ஸுக்கு அனுப்பினார். அந்தோ, 1879-ல் அவர் 48 வயதில் மாண்டார். பின்னர் ஹாலந்து தேசத்தில் வான் டர் வால்ஸ் சுட்டிக்காட்ட, ரோஸபூம் என்னும் ரஸாயனி அவ்விதியைச் சோதனைசாலைக்குக் கொண்டுவந்தார். 1892-ல் ஆஸ்ட்வால்ட் ஜெர்மன் மொழியிலும், 1899-ல் லெ ஷாத்தலியே பிரெஞ்சிலும் பெயர்த்தனர். 1901-ல் இலண்டன் ராயல் சங்கம் காப்ளி பதக்கம் அளித்தது. 1902-ல் புள்ளியியல் விசையியலைப் பற்றிய அவர் நூல் வெளிவந்தது. 1903 ஏப்ரல் 28-ந் தேதி காலமானார்.

இக்காலத்து ஆராய்ச்சியாளர் அவர் பெயரை நாள்தோறும் எழுதுவர். 1878-ம் ஆண்டுக் கட்டுரையை ஆதாரமாகக் குறிப்போர் அரியர். எல்லார்க்கும் பொதுச்சொத்தாகிவிட்டதை எவரிடமிருந்து பெற்றோமென்று யார் குறிப்பர்? மாக்ஸ்வெல் அனுப்பிய வார்ப்பைக் கண்டு, இது யார் தந்தது என்று மாணவர் வினவுங்கால், இங்கிலாந்திலுள்ள நண்பரொருவர் என்று மட்டுமே கிப்ஸ் சொல்வார் என்பர்.