சம்பு நாத் டே

சம்பு நாத் டே (பெப்ரவரி 1, 1915 - ஏப்ரல் 15, 1985) காலரா எனப்படும் வாந்திபேதி நோய் உடலின் நீரை எவ்வாறு வற்றச் செய்கிறது என்பதைக் கண்டறிந்த இந்திய மருத்துவ அறிவியலாளர் ஆவார். வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்த இவர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1949இல் இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆய்வு

காலராக் கிருமி நஞ்சொன்றைச் சுரக்கிறது என 1884இலேயே இராபர்ட் கோக் கருதினார். எனினும் முக்கால் நூற்றாண்டாக அது மெய்ப்பிக்கப்படவில்லை. டே அந்நஞ்சைக் குடலினுள்ளேயே தேடினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் கிருமிகளைச் செலுத்தினார். அப்பகுதி நீர் நிரம்பிப் பருத்தது (1953). பின்னர், கிருமிகளை வடிகட்டி நீக்கிய வளர்ப்பு நீர்மத்தை மட்டும் செலுத்தியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. இம்முடிவு 1959இல் நேச்சர் இதழில் வெளியானது. பெரிய கருவிகள் எவையும் இதற்குத் தேவைப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

நோயாளியைக் கொல்வது நீரிழப்பே என்பதும், குடற்சுவர் சிதையாததால் சர்க்கரையுடன் சேர்ந்த உப்புநீரை அது உறிஞ்சவல்லது என்பதும் 1960களில் தெளிவாயின. 1968இல் டாக்காவில் காலரா நோயாளிகளுக்கு அத்தகைய கரைசலைக் குடிக்கக் கொடுத்துப் பயன் கண்டனர். வயிற்றுப்போக்குற்ற குழந்தைகளுக்கு இன்று வீட்டிலேயே புகட்டப்படும் ஓ.ஆர்.எஸ். கரைசல் இவ்வழி வந்ததாகும்.

மதிப்பு

டே 1973இல் ஓய்வு பெற்றார். நோபல் அறக்கட்டளை 1978இல் நடத்திய கருத்தரங்கிற்கு அழைக்கப்பட்டார். வாழ்நாளில் இந்திய அறிவியல் கழகங்கள் எதுவும் இவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. இவரது பணியைப் போற்றிக் கரண்ட் சயின்ஸ் இதழ் 1990இல் சிறப்பிதழ் வெளியிட்டது.