புற்றுநோயின் வேரைத் தேடிய பெண்மணி

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டாலே நம் நெஞ்சம் நடுங்குகிறது. அந்நோய்க்கு மருந்து தேடுவது ஒரு பணி. அது எதனால் வருகிறது என ஆராய்வது மற்றொரு பணி. அவ்விரண்டாம் பணிக்குத் தம் வாழ்நாளை ஈந்த பாரதப் பெண்மணி டாக்டர் கமல் ரணதிவே அம்மையாரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

அம்மையார் 1917ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். மகள் மருத்துவராக வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகளோ உயிரியலை நாடினார். திருமணத்திற்குப் பின் பம்பாய் சென்று, டாடா நினைவு மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே, பேரறிஞர் கனோல்கரின் வழிகாட்டலில் 1949இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், உயிரணுக்களை உடலுக்கு வெளியே வளர்க்கும் முறையைக் கற்றார். கற்ற கலையுடன் தாயகம் திரும்பி, இந்தியப் புற்றுநோய் ஆய்வு மையத்தில் நாட்டின் முதல் திசு வளர்ப்பு ஆய்வுக்கூடத்தை அமைத்தார்.

கோழிகளுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கு வைரஸ் காரணம் என 1911இலேயே பேட்டன் ரௌஸ் காட்டியிருந்தார். சுண்டெலிகளின் மார்பகப் புற்றுநோய் தாய்ப்பால் வழியே குட்டிகளுக்குச் செல்வதை 1936இல் பிட்னர் கண்டறிந்தார்; அப்பாலிலும் வைரஸே மறைந்திருந்தது. ஆயினும், வைரஸ் மட்டுமே காரணமா என்பது விளங்கவில்லை. சுண்டெலிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துச் சோதித்த அம்மையார், பரம்பரை, ஹார்மோன், வைரஸ் ஆகிய மூன்றும் எவ்வாறு இணைந்து அந்நோயை விளைவிக்கின்றன என ஆராய்ந்தார். தொழுநோய்த் தடுப்பு மருந்துக்கான ஆய்விலும் ஈடுபட்டார். 1982இல் பத்மபூஷண் விருது அவரை நாடி வந்தது.

தாம் உயர்ந்தால் போதும் என அவர் எண்ணவில்லை. 1973இல் தோழியருடன் இந்தியப் பெண் விஞ்ஞானிகள் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஓய்வுக்குப் பின் பழங்குடிக் குழந்தைகளின் ஊட்டக்குறைவைப் போக்கப் பாடுபட்டார். 2001இல் மறைந்தார்.

மனிதருக்கும் வைரஸால் புற்றுநோய் வரும் என இன்று அறிவோம். கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸுக்கு எதிராகத் தடுப்பூசியும் உள்ளது. பெற்றோர் மருத்துவரிடம் இதுபற்றிக் கேட்டறிவது நலம்.

அன்புத் தங்கையரே! கனகம்மாசத்திரத்தில் பயிலும் நமக்கும் ஆய்வுக்கூடத்தின் கதவு திறந்தே இருக்கிறது. ஏன், எதனால் என்று கேட்கும் துணிவும், விடை கிடைக்கும்வரை உழைக்கும் பொறுமையும் கொள்வோம்!