துலூசுக்குத் திரும்பிய விஞ்ஞானி

எதீனுடன் ஐதரசன் சேர்ந்து எதேன் உருவாகும் தாக்கத்தை எழுதும்போது, அம்புக்குறியின் மேலே நிக்கல் என்று குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவேன். அந்த ஊக்கியைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒருநாள் தேடிப் பார்த்தேன். போல் சபத்தியே என்ற பெயர் கிடைத்தது.

அவர் 1854 இல் தென்பிரான்சின் கார்கசோன் என்னும் ஊரில் பிறந்தார். பாரிசில் கற்று 1880 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1882 இல் தமது பகுதியிலுள்ள துலூஸ் நகருக்கே திரும்பிக் கற்பிக்கத் தொடங்கினார்.

1897 இல் சந்தறன்ஸ் என்னும் பாதிரியாருடன் சேர்ந்து, சூடான நுண்ணிய நிக்கல் மீது எதீனைச் செலுத்தினார். வெளிவந்த வாயுவில் எதேன் இருந்தது. ஐதரசனைச் சேர்த்துவைப்பது நிக்கலே என்று உணர்ந்து, 1901 இல் பென்சீனுடனும் ஐதரசனைச் சேர்த்தார். 1902 இல் காபனீரொட்சைட்டை மெதேனாக்கினார்.

என்னைக் கவர்ந்தது ஊக்கியைத் தயாரிக்கும் பக்குவம். வெறும் நிக்கல் துண்டு போதாது. நிக்கல் ஒட்சைட்டை ஐதரசனில் அளவான சூட்டில் தாழ்த்த வேண்டும். சூடு மிஞ்சினால் மணிகள் ஒட்டிக்கொண்டு மேற்பரப்பு குறைந்துவிடும். சிறிதளவு கந்தகம் பட்டாலும் ஊக்கி செயலிழக்கும். ஆகவேதான் நுண்துளைகள் நிறைந்த அலுமினா போன்றவற்றின் மீது உலோகத்தை மெல்லியதாகப் படியவைக்கிறார்கள். அது எவ்வளவு ஐதரசனைப் பற்றிக்கொள்கிறது என்று அளந்து, வேலை செய்யும் மேற்பரப்பைக் கணிக்கிறார்கள்.

1907 இல் பாரிசின் பெரும் பேராசிரியர் பதவிகள் அவரைத் தேடி வந்தன. அவர் மறுத்துவிட்டார். 1912 இல் நோபல் பரிசு, கிரிஞாருடன் பகிர்ந்து, துலூசிலிருந்த அவருக்கே கிடைத்தது. பாரிசில் வசிப்போரையே முழு உறுப்பினராக்கிவந்த விஞ்ஞானக் கழகம், வெளியூரில் வசிப்போருக்கெனப் புதிய இடங்களை உருவாக்கி, 1913 இல் அவரைத் தெரிவுசெய்தது. 1941 இல் துலூசிலேயே காலமானார்.

உயர்தரம் முடிந்ததும் தூரத்துப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படிக்க எனக்கு ஆசை. போனால் திரும்பி வரமாட்டேன் என்று வாப்பாவுக்குப் பயம். இதை எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். வாப்பா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தேசப்படத்தை எடுத்து வரச்சொல்லி, துலூஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.